கம்பனி வீட்டில் எழுதிய துண்டுப்பிரசுரம்

அந்தத் துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் எழுத எனக்கு ஒரு மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை. மகள் மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். பேராதனையில் படித்த காலத்தில் என்னோடு ஒரே விடுதியில் இருந்த சிங்களத் தோழி ஒருத்தி தன் கட்சியின் சிங்களத் தாளைக் கொண்டுவந்திருந்தாள். நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து வரிவரியாக எழுத, அவள் எதிரே பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள். அந்த மேசை கம்பனியுடையது. கதிரைகளும் அலுமாரியும் கம்பனியுடையவை. தாளில் இருந்ததெல்லாம் கம்பனிகளுக்கு எதிரான பேச்சு.

அவர்களுடைய கட்சி சொன்னது விளங்காத விஷயமில்லை. சட்டத்தைக் கம்பனிகள் எழுதுகின்றன, மந்திரிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். தொழிலாளிக்குச் சம்பளம் கூட்டச் சொல்லி ஓர் உத்தரவு கிளம்பினால் அது கொழும்பில் யாரோ ஒருவருடைய மேசையில் தங்கிவிடுகிறது. அந்த ஆளுடைய தேர்தல் செலவைக் கொடுத்தது யார் என்று கேளுங்கள். ஒவ்வொரு பந்தியும் 'கேளுங்கள்' என்றுதான் முடிந்தது. நான் அதை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். நம்புவதை ஏன் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்திருக்கக் கூடாது என்பதுதான் நான் இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.

என் கணவர் பன்விலவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில், அலுவலகத்தில் கிளாக்கராக இருக்கிறார். அந்த உத்தியோகத்தோடு வந்ததுதான் இந்த வீடு. இரண்டு அறை, உள்ளேயே குழாய், உள்ளேயே கக்கூஸ், எல்லாவற்றையும்விட, பக்கத்து வீட்டோடு ஒட்டாத கூரை. நான் பிறந்ததும் வளர்ந்ததும் தொழிலாளர்களுக்கென்று வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில். அங்கே ஒரு வீட்டில் அடுப்பு மூட்டினால் நாலு வீட்டுக்குப் புகை போகும். மகளுக்கு ஒன்றரை வயதில் மூச்சிழுப்பு வந்தது. பேராதனையில் பிள்ளைகள் வார்டில் ஆறு நாள் இருந்தோம். புகை படாத இடத்தில் வைத்திருங்கள் என்று டாக்டர் சொன்னபோது, தலையாட்டிக்கொண்டே இந்த வீட்டைத்தான் நினைத்தேன். உத்தியோகம் போனால் ஒரு மாதத்தில் வீட்டை விட வேண்டும் என்று அவருடைய சிங்கள நியமனக் கடிதத்தில் இருக்கிறது. அதை நான்தான் அவருக்கு வாசித்து விளங்கப்படுத்தினேன்.

இந்தப் பக்கத்தில் சிங்களக் கடிதம் யாருக்கு வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். கல்யாணத்துக்கு முன் கண்டியில் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. எனக்கு 'டீச்சர்' என்று பெயர். நான் டீச்சர் இல்லை என்று சில காலம் சொல்லிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

தோழிக்கு எழுதிக் கொடுத்தது அந்த ஒரு பக்கத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எழுதி முடித்து வாசித்துக் காட்டியதும் அவள், "நங்கி, இதுல தோட்டத்து ஆள் ஒருத்தர் பேசுற மாதிரி ஒண்ணும் இல்லையே. எல்லாம் கொழும்புக் கதையா இருக்கு" என்றாள். நாங்கள் பேசியது சிங்களத்தில். அவளைவிட நான் இரண்டு மாதம் மூத்தவள். ஆனாலும் முதல் நாளிலிருந்தே என்னைத் தங்கை என்றுதான் கூப்பிடுவாள்.

பிரயோசனமானவள் என்று பெயர் வாங்குவதில் எனக்கு ஒரு பலவீனம் உண்டு. பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான், கேட்ட கேள்விக்கு மேலும் ஒரு வரி எழுதிவிட்டு வருவேன். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னேன். "கொழுந்து நிறுக்கிறப்ப கிலோ வெட்டுறாங்க. ஈரத்துக்குன்னு சொல்லி வெட்டுறது. வெயில் நாள்லயும் ஈரம்னு வெட்டுறாங்க."

"யார் வெட்டுறது?"

"தராசுப் பக்கம் நிக்கிறவங்க. அவங்களாச் செய்யிறதில்ல, மேலருந்து சொல்றாங்க."

அவள் அதைத் தன் கொப்பியில் குறித்துக்கொண்டாள். தராசுப் பக்கம் நிற்கிறவர் யார் என்று நான் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஆள் குறைந்ததிலிருந்து, பின்னேரம் மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுத்து எழுதுவது என் கணவருடைய வேலை. போகும்போது அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல வீடு. கம்பனி குடுத்ததா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

பத்து நாள் கழித்துத் துண்டுப்பிரசுரம் லயங்களுக்கு வந்தது. கணவர் ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்தார். மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த என் முன்னால் அதை விரித்து வைத்தார்.

"நல்லாருக்கு," என்றார். "'ஆதலால்'னு ரெண்டு எடத்துல வருது. இந்தத் தோட்டத்துல 'ஆதலால்'னு எழுதுறது யாரு?"

நான் அடுத்த உருண்டையை மகளின் வாயில் வைத்தேன்.

"தொரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது ஒரு நிம்மதி," என்றார், தோட்ட மனேஜரைச் சொல்லி. பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அவர் கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பொதுவாகவே அவர் எனக்கு அந்தச் சந்தர்ப்பத்தைத் தருவதில்லை.

அதற்குப் பிறகு தோழியின் அழைப்புகளை இரண்டு தடவை எடுக்காமல் விட்டேன். மூன்றாவது தடவை எடுத்து, பிள்ளைக்குச் சுகமில்லை என்று பொய் சொன்னேன். பிள்ளையைச் சொல்லிப் பொய் சொன்னதால் அன்று முழுவதும் மகளுடைய நெஞ்சில் காது வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பன்வில கடைத்தெருவில் அவர்களுடைய கட்சியின் தேர்தல் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நடந்தது. நான் மரக்கறி வாங்கப் போனேன். கேட்கிறவர்களுக்கு இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறேன். மரக்கறி வாங்கியதும் உண்மைதான். ஆனால் பையையும் பிள்ளையையும் சுமந்துகொண்டு, பஸ் வரும் பக்கத்துக்குப் போகாமல், மேடை இருந்த பக்கத்துக்கு நடந்தேன். நான் எழுதியது ஒலிபெருக்கியில் எப்படிக் கேட்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

லொறி ஒன்றின் பின்பக்கத்தைத் திறந்து மேடையாக்கியிருந்தார்கள். எங்கள் தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர் நின்றார்கள். என் கணவருடைய அக்காவும் நின்றார். அவர் எங்கள் தோட்டத்திலேயே கொழுந்து எடுப்பவர். நான் அவரை அண்ணி என்பேன். என் கையிலிருந்து மகளை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, "இங்க என்னா வேல ஒனக்கு?" என்று கேட்டார்.

"மரக்கறி வாங்க வந்தேன் அண்ணி."

"மேடையில விக்கிறாங்களா மரக்கறி?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த நேரம்தான் தோழி என்னைக் கண்டாள். தமிழில் சொல்ல ஒழுங்கு செய்திருந்த ஆள் இன்னொரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டாராம், வர ஒரு மணித்தியாலமாகுமாம். வேட்பாளர் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். அவள் லொறியிலிருந்து இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். "நங்கி, பதினஞ்சு நிமிஷம். நீ எழுதின அதே விஷயம்தான். புதுசா ஒண்ணுமில்ல."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். பிள்ளையைக் காரணம் காட்டியிருக்கலாம், ஆனால் பிள்ளையோ அண்ணியிடம் மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போங்க டீச்சர்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். சபையில் ஒருவர் கையைப் பிடித்துக் கேட்டால் மறுக்கக்கூடாது என்று எனக்குப் பழக்கியிருக்கிறார்கள். ஏறினேன்.

மேடையில் மொழிபெயர்க்கிறவருக்கென்று ஒரு தனி வழி உண்டு. பேசுகிறவர் ஒரு வாக்கியம் பேசிவிட்டு மைக்கிலிருந்து அரை அடி விலகுவார். நாம் குனிந்து அதே மைக்கில் தமிழைச் சொல்லிவிட்டு விலக வேண்டும். யோசிக்க நேரமில்லை. அவருடைய வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே நம்முடையதைத் தொடங்க வேண்டும். முதல் ஐந்து நிமிஷம் தடுமாறினேன். பிறகு பிடிபட்டது. வேட்பாளர் நன்றாகப் பேசினார், கத்தவில்லை. காணி அரசாங்கத்துடையது என்றார், சொன்னேன். குத்தகை கம்பனியுடையது என்றார், சொன்னேன். உழைப்பு உங்களுடையது என்றார். அதையும் சொன்னேன். இந்த மனிதர் சொல்வது சரி, அதை என் குரலில் கேட்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் மட்டும் சந்தோஷமாக இருந்தது.

பிறகு அவர் சொன்னார்: "மந்திரி கம்பனியின் கையில் சாப்பிடுகிறார். கம்பனி உங்கள் கூடையில் சாப்பிடுகிறது. வெயில் நாளிலும் ஈரம் என்று உங்கள் கிலோவை வெட்டிக் கொடுக்கிறவர், அந்தக் கூலிக்குக் கம்பனி வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறார்."

அவர் விலகினார். நான் மைக்குக்குக் குனிந்தேன்.

'வெயில் நாளிலும் ஈரம்' என்பது என் சொல். என் சமையலறை மேசையில் நான் சொன்னது. கம்பனி வீடு என்பதையும் தோழி என் வீட்டிலிருந்துதான் கொண்டுபோயிருந்தாள். அது என் வீடு என்று வேட்பாளருக்குத் தெரியாது. தராசருகில் நிற்பது என் கணவர் என்று அவளுக்கும் தெரியாது. மேடையில் அது தெரிந்த ஒரே ஆள் நான், மைக்கும் என் வாய்க்கு முன்னால் இருந்தது.

"மந்திரி கம்பனிக் கையில் சாப்பிடுகிறார். கம்பனி உங்கள் கூடையில் சாப்பிடுகிறது," என்றேன். விலகிவிட்டேன்.

வேட்பாளர் அடுத்த வாக்கியத்துக்கு வாய் திறந்தார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. முதலில் இரண்டு மூன்று பேர், பிறகு நிறையப் பேர்.

"டீச்சர், தராச விட்டுட்டீங்க," என்றது ஒரு குரல்.

"தூங்குறவர எழுப்பாம வந்துட்டாங்கப்பா," என்றது இன்னொன்று.

படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. லயத்து ஆட்களுக்குச் சிங்களம் தெரியாது, நாம் சொன்னால்தான் அவர்களுக்கு விளங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வாசித்துக் கொடுத்ததெல்லாம் கடிதங்கள். அவர்களுக்குச் சிங்கள எழுத்துத்தான் வராது. என் அண்ணி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே கடைத்தெருவில் சிங்களத்தில் விலை பேசுகிறவர். சிங்களத்தில் சண்டையும் பிடிப்பார். அங்கே நின்ற முக்கால்வாசிப் பேர் வேட்பாளர் சொன்னதை என்னைவிட முன்னதாகவே விளங்கிக்கொண்டிருந்தார்கள். தமிழ் என்பது அவர்களுக்கு ஒரு மரியாதை. தங்கள் பாஷையிலும் ஒருவர் நின்று சொல்கிறார் என்ற மரியாதை, அவ்வளவுதான்.

வேட்பாளர் என்ன நடந்தது என்று தோழியைக் கேட்டார். அவள் யாரிடமோ விசாரித்து அவர் காதில் சொன்னாள். அவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்து, அதே வாக்கியத்தை இன்னும் மெதுவாக, எனக்கு உதவி செய்கிற மாதிரி, மறுபடியும் சொன்னார். சொல்லிவிட்டு முன்பைவிட ஓர் அடி அதிகமாக விலகி நின்றார்.

லொறியிலிருந்து இறங்க வழி அவருக்குப் பின்னால் இருந்தது. அண்ணியைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. மகளின் வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து அதைச் சொன்னேன். கிலோ வெட்டுவதை, கம்பனி வீட்டை, தூக்கத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். கை தட்டினார்கள். அதற்குத்தான் அன்றைக்கு எல்லாவற்றையும்விடக் கூடுதலாகத் தட்டினார்கள்.

இறங்கியதும் தோழி என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளைத் தள்ளி நிறுத்தி, தராசருகில் நிற்பது யார் என்று சொன்னேன். அவளுடைய முகம் மாறியது. உண்மையாகவே மாறியது, அவள் கெட்டவள் இல்லை. "ஏன் நங்கி நீ சொல்லல? நாங்க ஆட்சிக்கு வந்த பிறகு யாரையும் வீட்டை விட்டு எழுப்ப விடமாட்டோம்," என்றாள்.

"வர்ற வரைக்கும்?" என்று கேட்டேன். அவர்கள் அடுத்த ஊருக்குப் புறப்பட வேண்டியிருந்தது.

செய்தி எனக்கு முன்னாலேயே என் கணவரிடம் போயிருந்தது. நாங்கள் போனபோது அவர் வாசலில் சப்பாத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மகளைக் கால் கழுவி உள்ளே விட்டேன். ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கடைசியில் நானே, "அந்த வார்த்தைய விட்டுப் பார்த்தேங்க. முடியல," என்றேன்.

"முதல்லயே சொல்லியிருக்கலாம்," என்றார். "நூத்தோட நூத்தியொண்ணாப் போயிருக்கும். நீ முழுங்கினதாலதான் எல்லாரும் ரெண்டு தரம் கேட்டாங்க."

அது சரிதான். இரண்டு நாள் நான் அலுமாரிக்கு மேலிருந்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எதில் எதை அடுக்கலாம் என்று.

மூன்றாம் நாள் துரை அவரைக் கூப்பிட்டனுப்பினார். துரை இளம் ஆள், யாரிடமும் மரியாதையாகப் பேசுபவர். கணவர் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு காக்கி உறை இருந்தது. வீட்டை விடச் சொல்லும் கடிதம் என்று நினைத்தேன். அவர் அதை மேசையில் வைத்து, "வேலைக்கு ஒண்ணுமில்ல," என்றார். "ஒனக்குத்தான்."

உள்ளே ஒரு பக்கம் சிங்களம். கொழுந்து நிறுவை பற்றிச் சிலர் பொய்ப் பிரசாரம் செய்கிறார்கள், இத்தோட்டத்தில் எடை எப்போதும் சரியாகவே பார்க்கப்படுகிறது, ஈரத்துக்கான கழிவு ஈரமான நாட்களில் மட்டுமே செய்யப்படுகிறது, தொழிலாளர்கள் வெளியாரின் பேச்சில் ஏமாற வேண்டாம். இதைத் தமிழில் எழுதிப் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் இடத்தில், ஒட்ட வேண்டும்.

"என்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"'மிஸஸ் நல்லாத் தமிழ் பேசினாங்களாமே, அவங்களே செஞ்சு குடுத்தா நல்லது'ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

"நான் எழுதலன்னா?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் கதிரையில் ஏறி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்குத் தெரியாது," என்றார். "நெசமாவே தெரியாது. ஒண்ணும் நடக்காமலும் போகலாம்."

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். துரை எங்களை மிரட்டவில்லை. ஒன்றும் நடக்காமலும் போயிருக்கலாம். ஒரு வரி எழுதித் துரைக்கு அனுப்பியிருக்கலாம், பிள்ளையோடு நேரமில்லை, மன்னிக்கவும் என்று. அந்த மன்னிப்புக் கடிதத்தை மனதுக்குள் இரண்டு மொழியிலும் எழுதிக்கூடப் பார்த்தேன். பிறகு மழைக்காலத்தில் லயத்து அடுப்புப் புகை எப்படித் தாழ்ந்து நிற்கும் என்று நினைத்தேன். மகள் தூங்கியதும் உட்கார்ந்து எழுதினேன். அதற்கும் ஒரு மணித்தியாலம் பிடிக்கவில்லை. 'ஆதலால்' வராமல் பார்த்துக்கொண்டேன்.

அறிவித்தல் ஒட்டிய அன்று பின்னேரம், மலையிலிருந்து நேராக அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. கையில் அந்த அறிவித்தல் இருந்தது, நான்கு மூலையிலும் பசையோடு. கணவர் இன்னும் மடுவத்திலிருந்து வரவில்லை. மகள் ஓடிப்போய் அவருடைய காலைக் கட்டிக்கொண்டாள்.

"டீ போடவா அண்ணி?"

"வேணாம். இத வாசி."

"நீங்க வாசிப்பீங்களே."

"வாசிப்பேன். நீ வாசி."

அண்ணி எட்டாம் வகுப்புவரை படித்தவர். தமிழ் நன்றாக வாசிப்பார். நான் தாளை வாங்கினேன். சொந்த எழுத்தை வாசிக்கிறவளுக்கு எங்கும் தடுக்காது, அதனால் சீக்கிரமாக வாசித்துவிடப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மெதுவா. மேடையில சொன்ன மாதிரி."

மெதுவாக வாசித்தேன். எடை எப்போதும் சரியாகவே பார்க்கப்படுகிறது என்ற வரி வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்துக் கறை பிடித்துக் கறுத்த விரல்கள். நான் கடைசிவரை வாசித்து முடித்தேன்.

"இன்னைக்கு வெயிலு," என்றார். "எனக்கு ரெண்டு கிலோ வெட்டுனான். ஒன் புருஷன்தான். 'அக்கா ஈரம்'னு சொன்னான், மொகத்தப் பாக்காம."

"அண்ணி, எனக்கு வேற வழி தெரியல."

"அவனுக்கும் தெரியல. அது எனக்குத் தெரியும்." மகளின் கையைக் காலிலிருந்து மெல்ல விடுவித்தார். "அந்தக் கட்சித் தாளும் நீதான, இதுவும் நீதான?"

"ஆமா."

"அதக் கேக்கத்தான் வந்தேன்," என்றார்.

தாளை என்னிடமே விட்டுவிட்டு இறங்கிப் போனார். மகள் பின்னாலேயே போகப் பார்த்தாள். நான் அவளைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்தினேன். கீழே லயங்களில் அடுப்பு மூட்டும் நேரம் அது.